முன் அனுபவம் உண்டு

1988 அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை, காலை ஐந்தேகால் மணிக்கு விஸ்கான்சினிலிருந்து புறப்பட்ட பிக்கப் வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் ஹார்லன், வண்டி அவருடையது, வேறு கை அதில் படக்கூடாது. முன்னிருக்கையில் அவர் மனைவி ஆர்டிஸ். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று காரணம் சொல்லியிருந்தார், பக்கத்தில் இருந்தால்தான் ஹார்லன் ஓட்டுவதைத் திருத்த முடியும் என்பதைச் சொல்லவில்லை. பின்னால், சுவரோடு மடித்து வைக்கும் சின்ன இருக்கையில் ஆர்டிஸின் அண்ணன் வென்டல். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் முகம் வண்டி போகும் திசையைப் பார்க்காது, எதிர்ச் சன்னலைத்தான் பார்க்கும். ஆகவே விஸ்கான்சினுக்கும் வயோமிங்குக்கும் இடையிலுள்ள ஆயிரம் மைலையும் வென்டல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் கடந்தார். அவருக்கு எதிரே ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் இருபது பவுண்டு சீஸ், பெட்டியின் மேல் துப்பாக்கி உறைகள் இரண்டு. வண்டியின் பின்தட்டில் தார்ப்பாய், கயிறு, மற்றும் பதினைந்தடி இரும்பு ஏணி ஒன்று. ஏணியின் உச்சியில் ஓர் ஆள் உட்காருவதற்கு இருக்கை உண்டு. அவர்கள் ஊரில் அதை மரத்தில் சாத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, அடியில் மான் வரும்வரை மூச்சுவிடாமல் இருப்பார்கள். வேட்டை என்பது அவர்களுக்கு அவ்வளவுதான்.

"ஹார்லன், அங்க மரமே கிடையாது. அந்தம்மா கடிதத்துல எழுதியிருக்காங்க" என்றார் வென்டல், மினசோட்டா எல்லை தாண்டும்போது.

"மரமே இல்லாத ஊர்னு உலகத்துல ஒண்ணு இருக்கா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க."

"பேச்சுக்குச் சொல்ற பொம்பளை மாதிரித் தெரியலை."

"அண்ணனுக்கு அந்தப் பொம்பளையை நல்லாத் தெரியும் போல" என்றார் ஆர்டிஸ், திரும்பாமலே. ஹார்லன் சிரித்தார். வென்டல் எதிர்ச் சன்னலில் ஓடிய சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் ஓபல் ரிட்டர். வயது எழுபத்தொன்று. கணவர் போன பிறகு ஒன்பதாயிரம் ஏக்கரையும் ஆடுகளையும் தனியாகப் பார்த்துக்கொள்பவர். வென்டல் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய கடிதங்கள் ஐந்து வென்டலின் சட்டைப் பையில், தேதி வரிசைப்படி, ரப்பர் வளையம் போட்டு இருந்தன.

வென்டல் முப்பத்தேழு வருஷம் கிராமப்புறத் தபால்காரராக இருந்தவர். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் தபால் பெட்டிகள். அந்த நாட்டுக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் சாலையின் வலப்பக்கம் இருப்பதால் காரின் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடக்காலை நீட்டி பெடலை மிதித்து, இடக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டியே அவர் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தின் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போட்ட மனிதருக்கு மின்சார பில் தவிர எதுவும் வந்ததில்லை. ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம், காடில்லாத வெட்டவெளியில் ஓடும் வெளிமானை வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேட்டையாட வேண்டும் என்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் அங்கே நிலமெல்லாம் தனியார் நிலம், உரியவர் அனுமதி வேண்டும். பதினோரு பண்ணைகளுக்குத் தனித்தனியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. ஒருவர் அச்சடித்த மறுப்பு அனுப்பினார். பதினோராவது ஓபல் ரிட்டர்.

"உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். "வெளிமான் வேட்டையில் உங்களுக்கு முன் அனுபவம் உண்டா? புதியவர்களை நான் விடுவதில்லை. போன வருஷம் ஒஹாயோவிலிருந்து வந்த புதியவர்கள் என் ஆட்டுக்கிடாவைச் சுட்டுவிட்டார்கள். அவர்கள் அதை வண்டியில் ஏற்றும்வரை அது ஆடு என்று அவர்களுக்குத் தெரியாது."

வென்டல் இதை மூன்று முறை படித்தார். முப்பத்தேழு வருஷமாக மற்றவர்கள் கடிதத்தை ஒரு எழுத்து கசங்காமல் சேர்த்தவர், தன் கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதியதில்லை. ஒரு வாரம் யோசித்தார். பிறகு மார்ச் பதினான்காம் தேதி எழுதினார்: "முன் அனுபவம் உண்டு."

அனுமதி வந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓபல் ரிட்டர் தொடர்ந்து எழுதினார். மழை பெய்யாததைப் பற்றி, பக்கத்துப் பண்ணைக் காளை வேலி தாண்டியதைப் பற்றி, மாதா கோயிலில் புதிதாக வந்த பாதிரியார் பாடத் தெரியாமல் பாடுவதைப் பற்றி. வென்டல் பதில் எழுதினார். கோடை முழுக்க, நானூற்றுப் பதின்மூன்றாவது பெட்டிக்கும், அதாவது அவருடைய சொந்தப் பெட்டிக்கும், கடிதம் வந்தது. இப்போது அவருக்கு வேண்டியது வெளிமான்கூட இல்லை. அந்தக் கடிதம் நின்றுவிடக் கூடாது. புதியவர் என்று தெரிந்தால் நின்றுவிடும். இது அவருக்கும் தெரியும், ஆர்டிஸுக்கும் தெரியும், சொன்னாலும் ஹார்லனுக்கு ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஓபல் ரிட்டரின் வாசலில் வண்டி நின்றது. அறுபது மைலாக ஒரு மரம்கூட வரவில்லை. வென்டல் இறங்கியபோது கழுத்து வலப்பக்கமே திரும்பி நின்றுவிட்டது. அந்த அம்மாளை ஓரக்கண்ணால்தான் பார்க்க முடிந்தது. ஆண்கள் போடும் தொப்பி, முட்டிவரை பூட்ஸ், கன்னத்தில் வெயில் கீறிய கோடுகள்.

"நீங்கதான் போஸ்ட்மேனா? ஏன் என்னைப் பாக்காம கொட்டகையைப் பாத்துப் பேசறீங்க?"

"கழுத்துங்க."

"ஓ. இது யாரு?"

"தங்கச்சி ஆர்டிஸ். அவ வீட்டுக்காரர் ஹார்லன்."

ஓபல் ரிட்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்தட்டில் நின்றார். "இது என்ன?"

ஹார்லன் வாயைத் திறந்தார். மரத்தில் சாத்தி வெளிமானுக்காகக் காத்திருக்கப் போகிறோம் என்று சொல்லத்தான் போனார். வென்டல் முந்திக்கொண்டார்.

"ஏணிங்க. பண்ணையில ஏதாவது மேல் வேலை இருந்தா செஞ்சு குடுக்கலாமேன்னு."

"அட! கொட்டகைக் கூரையில தகரம் ஏழு ஷீட்டு காத்துல தூக்கிடுச்சு. யாரைக் கூப்பிடறதுன்னு இருந்தேன்." ஏணியின் உச்சியைத் தட்டிப் பார்த்தார். "உக்கார இடம் வெச்ச ஏணியை இப்பதான் பாக்கறேன்."

"எங்க ஊர்ல எந்த வேலையும் உக்காந்துதான் செய்வோம்" என்றார் ஹார்லன், வென்டலை முறைத்துக்கொண்டே.

பண்ணையாட்கள் தங்கும் பழைய அறையை அந்த அம்மாள் அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். கட்டில் மூன்று, அடுப்பு ஒன்று. ஹார்லன் பூட்ஸைக் கழற்றி எறிந்தார். "ஆயிரம் மைல் ஓட்டிட்டு வந்தது தகரம் அடிக்கவா?"

"மரம் இல்லைன்னு நான் மினசோட்டாவுலயே சொன்னேன்."

வேட்டை திங்கட்கிழமை தொடங்கியது. இங்கே ஒரு விஷயம். அரசாங்கம் நடத்தும் அந்த வருஷ வேட்டைக் குலுக்கலில் ஹார்லனுக்கும் வென்டலுக்கும் விழுந்தது பெண் விலங்குக்கான சீட்டு, ஆளுக்கு ஒன்று. ஆண் மேல் குண்டு பட்டால் துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும், ஓபல் ரிட்டரின் நிலத்தில் அது நடந்தால் வென்டலுக்கு மீதியும் போகும். பெண்ணைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விஸ்கான்சினில் குழந்தைகள் எழுத்துப் படிக்கும் முன்பே படிப்பது அது: மான் தலையில் கொம்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். ஊர் நூலகத்தில் இருந்த புத்தகத்தில் வெளிமான் படத்தையும் வென்டல் பார்த்துவிட்டு வந்திருந்தார். கறுத்த கொம்போடு கம்பீரமான ஆண். அந்த ஒரு படம்தான் இருந்தது.

காலை ஏழு மணிக்கு ஒரு மேட்டில் குப்புறப் படுத்தார்கள். ஆரஞ்சு நிற அங்கி, ஆரஞ்சு நிறத் தொப்பி. கீழே சாம்பல் நிறப் புதர்கள் வானம்வரை போயின. அரை மைலில் பதினெட்டு வெளிமான்கள். பழுப்பு முதுகு, வெள்ளைப் பின்பக்கம்.

ஹார்லன் தொலைநோக்கியை இறக்கினார். "எல்லாம் ஆம்பளை."

"எல்லாமுமா?"

"ஒண்ணு பெரிய கொம்பு. பன்னண்டு சின்னக் கொம்பு. மிச்சம் அஞ்சு குட்டி."

"குட்டிங்களுக்கு அம்மா இருக்கணுமே" என்றார் ஆர்டிஸ். அவர் வேட்டைக்காரர் இல்லை. பின்னல் நூலும் மடக்கு நாற்காலியுமாக வந்திருந்தார்.

"இருக்கும். எங்கயாவது போயிருக்கும்."

"பன்னண்டு ஆம்பளைங்க கிட்ட குழந்தைங்களை விட்டுட்டு எந்த அம்மாவும் எங்கயும் போகாது, ஹார்லன்."

அன்றைக்கு மொத்தம் நாற்பத்தாறு வெளிமான் பார்த்தார்கள். வென்டல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: ஆண் 33, குட்டி 13, பெண் 0. குட்டியைச் சுடலாம் என்று சீட்டில் இருந்தது. ஆயிரம் மைல் வந்து குட்டியைச் சுட்டோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது என்று ஹார்லன் சொன்னார். வென்டலும் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் சமையலறையில் ஓபல் ரிட்டர் ஆட்டுக்கறிக் குழம்பைத் தட்டில் ஊற்றினார். "என்ன போஸ்ட்மேன், ஒரு வேட்டுச் சத்தமும் கேக்கலையே?"

"பாத்துட்டு இருக்கோங்க."

"எதை?"

வென்டல் கரண்டியை வைத்தார். "நிலைமையை."

ஓபல் ரிட்டர் தலையை ஆட்டினார். "சரிதான். தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க." வென்டல் வைத்த கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹார்லன் கொட்டகைக் கூரையில் தகரம் அடித்தார். இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு ஷீட்டு அடித்தார். மூன்றாவது ஷீட்டுக்கு இருக்கை எட்டவில்லை, கூரையில் ஏறி வயிற்றால் தவழ்ந்தார். மத்தியானம் மூன்று பேரும் தெற்கே போனார்கள். புதர்களுக்கு நடுவே ஊர்ந்து போனதில் ஹார்லன் சப்பாத்திக் கள்ளியின் மேல் முழங்காலை வைத்தார். ஆர்டிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் முப்பத்தொரு முள் எடுத்தார்.

"கத்தாதே. வெளிமான் ஓடிடும்."

"ஓடட்டும். எல்லாம் ஆம்பளைதானே."

குறிப்பேடு: ஆண் 51, குட்டி 20, பெண் 0.

ஹார்லன் ஒரு கொள்கை கண்டுபிடித்தார். இந்த ஊரில் பெண் விலங்குகள் இலையுதிர் காலத்தில் தெற்கே போய்விடும், ஆண்கள் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு என்றார் ஆர்டிஸ், விஸ்கான்சினுக்கும் கொண்டுவரலாம் என்றார்.

அன்று சாயங்காலம் ஓபல் ரிட்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "போஸ்ட்மேன், கோவிச்சுக்காதீங்க. என் குதிரைமசால் வயல்ல மட்டும் எண்பது பெட்டை நிக்குது. என் ஆட்டுங்களுக்கு வெச்சிருக்கற குளிர்காலத் தீவனத்தை மேயுது. கல்லை விட்டு எறிஞ்சாலே ஒண்ணு விழும். உங்க கண்ணுல ஒண்ணுகூடப் படலையா?"

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"பட்டுதுங்க" என்றார் வென்டல். "சரியான ஒண்ணுக்காகப் பொறுத்திருக்கோம்."

"சரியான ஒண்ணா? பெட்டையில என்ன சரியானது, தப்பானது?"

"அவசரப்பட மாட்டோம்" என்று ஹார்லன் உதவிக்கு வந்தார். "அது எங்க வழக்கம்."

"ஒஹாயோக்காரங்க அவசரப்பட்டுத்தான் என் கிடா போச்சு. நீங்க வேற மாதிரிதான், ஒத்துக்கறேன்." ரொட்டியைப் பிய்த்து வென்டலின் தட்டில் வைத்தார். அவர் அப்படி மற்ற இருவருக்கும் வைக்கவில்லை என்பதை ஆர்டிஸ் பார்த்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில் ஆர்டிஸ் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்தம்மா எண்பதுங்கறாங்க. எண்ணத் தெரிஞ்சவங்கதான். போய்க் கேட்டுடேன், எதுதான் பெட்டைன்னு."

"கேட்டா புதுசுன்னு ஆயிடும்."

"புதுசுதானே நீ?"

"பழசுன்னு எழுதியிருக்கேன், ஆர்டிஸ்."

"எழுதினா எழுதினதுதான். வாயால ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போயேன்."

"வாயில எனக்கு வராது." அது அவருக்கே தெரிந்த குறை. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் அவர் அதிகபட்சம் பேசியது வானிலை.

புதன்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை காலை புறப்பட்டாக வேண்டும். ஹார்லனின் மாடுகளைப் பக்கத்து வீட்டுக்காரர் அதுவரைதான் கறப்பதாகச் சொல்லியிருந்தார். குதிரைமசால் வயலுக்கு மேலே ஒரு மண்திட்டின் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் ஹார்லன், முழங்காலில் கட்டோடு. நடுவில் வென்டல், கழுத்து இப்போது பாதி திரும்பியது. வலப்பக்கம் ஆர்டிஸ், மடக்கு நாற்காலியில். இரண்டு நாளாகப் பின்னியதில் நூல் தீர்ந்துபோய், பொழுதுபோக ஹார்லனின் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருபத்தைந்து வெளிமான் மேய்ந்தது. பெரிய கொம்பன் ஒன்று, கன்னத்தில் கறுப்புத் திட்டு வைத்தது, மற்றவற்றைச் சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தது.

"ஹார்லன்."

"ம்."

"இதெல்லாம் ஆம்பளைன்னு சொன்னே."

"கொம்பைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். அந்தப் பெரிய ஆம்பளை இப்ப ஒரு சின்ன ஆம்பளை மேல ஏறிட்டிருக்கான்."

ஹார்லன் கண்ணைச் சுருக்கி வயலைப் பார்த்தார். "சண்டையா இருக்கும்."

"முப்பத்தோரு வருஷமா உன்கூட சேந்து மாடு வெச்சிருக்கேன். சண்டை எதுன்னு எனக்குத் தெரியும்."

வென்டல் தொலைநோக்கியை வாங்கினார். அந்த "சின்ன ஆம்பளை" இப்போது பின்காலை அகட்டி நின்றது. அடியில் பால்மடி. ஒரு குட்டி வந்து அதில் முட்டியது. தலையில் இரண்டங்குலக் கறுப்புக் கொம்பு, காதைவிடச் சின்னது. அடுத்ததைப் பார்த்தார். அதற்கும் மடி. அடுத்தது, அதற்கு அடுத்தது. குறிப்பேட்டைத் திறந்தார், இரண்டு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தார், மூடினார்.

"எண்பத்துநாலு ஆம்பளை" என்றார் மெதுவாக. "அதுல ஏழோ எட்டோதான் ஆம்பளை."

"கொம்பு வெச்ச பொண்ணா!" ஹார்லனுக்கு மனமே ஆறவில்லை. "ஒரு போர்டாவது வெக்க வேண்டாமா?"

"எனக்குக் கொம்பு இல்லைன்னு நீ நெனச்சிருந்தே பாரு, அந்த மாதிரிதான்" என்றார் ஆர்டிஸ்.

அதன் பிறகு எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வென்டல் வாழ்நாளில் எண்பது கஜத்துக்கு மேல் சுட்டதில்லை, அதற்கு மேல் அவர் ஊரில் கண்ணே தெரியாது, மரம் மறைக்கும். இங்கே இருநூறு கஜம். ஓடை மடிப்பில் ஊர்ந்து, தோள்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, குட்டி இல்லாத ஒரு பெட்டையைத் தேர்ந்து, ஒரே குண்டு. அது நாலடி ஓடி மடங்கி விழுந்தது. ஹார்லன் நாலு குண்டு சுட்டார். முதல் மூன்றும் மண்ணுக்கு. வென்டல் தன் விலங்கின் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தச் சின்னக் கொம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. அதைச் சுட்டதில் அவருக்கு வெட்கம் இல்லை. மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்ததில் இருந்தது.

ஓபல் ரிட்டர் கொட்டகையில் தொங்கிய இரண்டையும் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். "பால் வத்தின பெட்டை. கொழுப்பு ஏறியிருக்கு. இதுக்காகவா மூணு நாள் காத்திருந்தீங்க? நல்ல கண்ணு." வென்டலின் தோளில் தட்டினார். ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். ஆர்டிஸ் கூரையில் புதுத் தகரத்தை எண்ணத் தொடங்கினார்.

சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாளுக்கு உற்சாகம் பொங்கியது. "புதுசா வர்றவங்க பண்ற கூத்து உங்களுக்குத் தெரியாது. பெட்டைக்கும் கொம்பு இருக்கும்னு தெரியாம ஒரு பென்சில்வேனியாக்காரர் நாலு நாள் அந்த மேட்டுல படுத்துக் கிடந்தார். எங்க பாத்தாலும் ஆம்பளையாவே இருக்குன்னு அழுதுட்டே போனார்!" சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாலு நாளா!" என்று ஹார்லன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "என்ன ஒரு முட்டாப்பய!"

"மூணு நாள்னாகூட ஒத்துக்கலாம்" என்றார் ஆர்டிஸ். மேசைக்கு அடியில் ஹார்லனின் கட்டுப்போட்ட முழங்காலில் அவருடைய உதை ஒன்று விழுந்தது.

வென்டல் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். அந்தச் சிரிப்பு இரண்டாவது பொய், மார்ச் பதினான்காம் தேதிப் பொய்யைவிட மோசமானது என்று அவருக்குத் தோன்றியது.

தட்டுகளை எடுத்த பிறகு ஓபல் ரிட்டர் ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அடுத்த வருஷத்துக்கு அனுமதி கேட்டு வந்த கடிதங்கள், ஏழு. விரல்களை விரித்துக் காட்டினார். கணுக்கள் வீங்கியிருந்தன. "உங்களுக்கு எழுதினதே பல்லைக் கடிச்சிட்டுத்தான். உங்க கையெழுத்து நல்லாருக்கும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. முன் அனுபவம் இருக்கறவங்களுக்கு யோசிக்கிறோம்னு, இல்லாதவங்களுக்கு முடியாதுன்னு."

ஆறு கடிதம் எழுதினார். ஏழாவது இந்தியானாவிலிருந்து, டின்ஸ்மோர் என்பவர். காலணித் தொழிற்சாலையில் வேலை, தம்பியோடு வர ஆசை. பென்சிலால் எழுதியிருந்தார்: "அம்மா, நாங்கள் வெளிமானைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதலாம் என்று தம்பி சொன்னான், எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்கிறபடி கேட்போம்."

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் ஓபல் ரிட்டர். "ஆனா என்கிட்ட இன்னும் நாலு கிடாதான் இருக்கு. முடியாதுன்னு எழுதிடுங்க. அதுக்கு முன்னாடி உங்க பேரை எழுதிக்குங்க, அடுத்த வருஷத்துக்கு. எப்பவும் உங்களுக்கு இடம் உண்டு, போஸ்ட்மேன். குளிர்காலத்துலயும் எழுதுங்க. பனி விழுந்தா இங்க பேச்சுத் துணைக்கு நாய்தான்."

அவர் ஆயிரம் மைல் பக்கவாட்டில் வந்தது இதைக் கேட்பதற்குத்தான். பேனா தாளின் மேல் நின்றது. "அன்புள்ள டின்ஸ்மோர்" என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"இதைக் காலையில எழுதறேங்க. வெளிச்சம் போதலை."

ஓபல் ரிட்டர் தலைக்கு நேர் மேலே எரிந்த நூறு வாட்ஸ் விளக்கை அண்ணாந்து பார்த்தார். டின்ஸ்மோரின் கடிதத்தை வென்டல் கையோடு எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ஹார்லன் இறைச்சியை ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது வென்டல் அறையில் உட்கார்ந்து எழுதினார். முதல் பிரதி, பிழை திருத்தம், சுத்தப் பிரதி. கடிதத்தில் விஷயங்களுக்கு எண் போட்டிருந்தார்.

"மதிப்பிற்குரிய திருமதி ரிட்டர் அவர்களுக்கு. ஒன்று: என் மார்ச் 14 கடிதத்தில் முன் அனுபவம் உண்டு என்று எழுதியது பொய். வெளிமானை நாங்கள் முதன்முதலில் பார்த்தது இந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. இரண்டு: பெட்டைக்குக் கொம்பு இருக்கும் என்று எங்களுக்கும் தெரியாது. பென்சில்வேனியாக்காரர் நாலு நாள் இருந்தார். எங்களோடு ஆர்டிஸ் இருந்ததால் மூன்று நாளில் முடிந்தது. நேற்று பென்சில்வேனியாக்காரரின் கதைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. மூன்று: ஏணி கூரை வேலைக்குக் கொண்டுவந்தது அல்ல. ஆனால் தகரம் ஒழுங்காக அடித்திருக்கிறது. நாலு: டின்ஸ்மோருக்கு மறுப்பு எழுத என்னால் முடியவில்லை. அவர் தெரியாது என்று எழுதினார், நான் தெரியும் என்று எழுதினேன். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் எனக்குச் சொன்ன இடத்தை அவருக்குக் கொடுங்கள். கொம்பு விஷயத்தை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து: உங்கள் கடிதங்களுக்கு நன்றி. உங்களுக்குப் பதில் எழுதத் தோன்றாவிட்டால் அது நியாயம் என்று எடுத்துக்கொள்வேன்."

ஓபல் ரிட்டர் வாசலில் நின்று கையசைத்தார். வென்டலும் கையசைத்தார். இரண்டு மைல் மண்சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தில், ரிட்டர் என்று எழுதிய தபால் பெட்டி இருந்தது.

"நிறுத்து, ஹார்லன்."

வென்டல் பக்கவாட்டில் இறங்கினார். உறையில் ஓபல் ரிட்டரின் முகவரி, தபால்தலை. ஆர்டிஸ் சன்னலை இறக்கினார்.

"அண்ணா, உனக்கு என்ன பைத்தியமா? அவங்க ரெண்டு மைல் தள்ளி நின்னு இன்னும் கையசைச்சிட்டிருக்காங்க. இந்தப் பெட்டியில போட்டா இது நாப்பது மைல் ஊருக்குப் போயி, முத்திரை குத்திட்டு, நாளைக்கு இதே பெட்டிக்குத் திரும்பி வரும்!"

"தெரியும்."

"திரும்பிப் போயி நேர்ல குடுத்துட்டு வரலாமே."

"பொய்யைத் தபால்ல அனுப்பினேன். உண்மையும் தபால்லதான் போகணும்." உறையின் நாக்கை நக்கி ஒட்டினார். கட்டை விரலால் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தார். பெட்டியில் வைத்து, எடுத்துப்போக கடிதம் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியைத் தூக்கி நிறுத்தினார். பிறகு வண்டியில் ஏறாமல் பெட்டியின் பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப என்ன?" என்றார் ஹார்லன்.

"தபால்காரர் எடுக்கற வரைக்கும் கடிதம் போட்டவனுடையது. திரும்ப எடுத்துக்கலாம், சட்டப்படி. நான் எடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

ஹார்லன் இன்ஜினை அணைத்தார். மாடுகளைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். ஆர்டிஸ் சீஸ் துண்டு ஒன்றை அவர் வாயில் வைத்து முணுமுணுப்பை நிறுத்தினார். நாற்பது நிமிஷம் கழித்துத் தூரத்தில் புழுதி தெரிந்தது. வெள்ளைக் கார் ஒன்று, ஓட்டுகிறவர் வலது இருக்கையில் உட்கார்ந்திருந்தார், இடக்கை ஸ்டியரிங்கில். நடுத்தர வயதுப் பெண்மணி. பெட்டியைத் திறந்தார். உறையைப் பார்த்தார். வென்டலைப் பார்த்தார்.

"சார், இது இந்த வீட்டு விலாசம்."

"ஆமாங்க."

"நாளைக்கு இதே பெட்டியில கொண்டுவந்து போடுவேன்."

"தெரியுங்க. நானும் முப்பத்தேழு வருஷம் போட்டவன்தான்."

அந்தப் பெண்மணி இன்னும் ஒரு கணம் உறையைத் திருப்பிப் பார்த்தார். தபால்தலை சரியாக இருந்தது, ஒட்டும் சரியாக இருந்தது. கடிதத்தை மடிமேலிருந்த தட்டில் மற்ற கடிதங்களோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தார், கொடியை இறக்கினார், காரை எடுத்தார்.